மழை கேட்கும் மாதம்

எருசலேம்
17 செப்டம்பர் 1961

அன்பு எல்கனானுக்கு,

நீ நல்லபடியாகப் போய்ச் சேர்ந்த தந்தி கிடைத்தது. நானும் குழந்தையும் சுகம். சுகம் என்று எழுதிவிட்டேன், ஆனால் ஹெம்தாவுக்கு மேல் பல் முளைக்கிறது; வீடு முழுக்க அவள் ராஜ்ஜியம்தான். எடை கூடவில்லை என்று நர்ஸ் சொன்னாள். பல் முளைக்கிற மாதத்தில் கூடாது என்றும் அவளே சொன்னாள். முதலில் சொன்னது மட்டும்தான் என் மனதில் நிற்கிறது.

மாடி வீட்டு மஸூதா உன்னைப் பற்றி விசாரித்தாள். கைக்குழந்தையை விட்டுவிட்டு அப்படி என்ன வேலை என்றாள். பழைய காலத்து எபிரேயக் கவிஞர்கள் பண்டிகை ஜெபத்தின் நடுவில் பாடுவதற்கென்று பாட்டுக் கட்டினார்கள், பியூத் என்று பெயர், அவற்றில் பாதி தொலைந்துபோயிற்று, கெய்ரோ ஜெப ஆலயத்தின் மாடியறையில் குப்பையோடு குப்பையாகக் கிடந்த தாள்கள் இப்போது கேம்பிரிட்ஜ் நூலகத்தில் இருக்கின்றன, அவற்றைப் படிக்கப் போயிருக்கிறார் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "செத்தவங்க பாட்டைத் தேடி அவ்வளவு தூரமா? உயிரோட இருக்கிறது இங்க கத்துதே, அது காதுல விழலையா அவனுக்கு?" என்றாள். ஹெம்தா அப்போது கத்திக்கொண்டுதான் இருந்தாள்.

நம் ஆய்வுக் கழகத்திலிருந்து எனக்கும் தாள்களின் படங்கள் வந்தன. குழந்தை மத்தியானம் தூங்கும்போது பெயர்த்தெழுதுகிறேன். ஒரு அடி முடிவதற்குள் விழித்துக்கொள்கிறாள்.

ஹைஃபா துறைமுகத்தில் நாம் பேசி வைத்ததை மறந்துவிடாதே. ஹெஷ்வான் மாதம் ஏழாம் நாள், அதாவது அக்டோபர் பதினாறு மாலை, இங்கே அன்றாட ஜெபத்தில் மழை தா என்று கேட்கத் தொடங்குவோம். அங்கே குடியிருக்கும் யூதர்கள் டிசம்பர் வரை கேட்கமாட்டார்கள். ஆனால் பெண்டாட்டி பிள்ளையை இங்கே விட்டுவிட்டு, திரும்பி வருகிற எண்ணத்தோடு போனவன் எங்கே நின்றாலும் நம் ஊர்க் கணக்குப்படிதான் கேட்கவேண்டும். கப்பல் ஊதியதும் நீதான் சொன்னாய், "அன்னைக்கு ரெண்டு பேரும் ஒரே சாயங்காலத்துல கேப்போம்" என்று. நான் ஜன்னலருகில் நின்று கேட்பேன்.

மேல்கோட்டைப் போட்டுக்கொள். நீ திரும்பும் ஜூன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது!

உன்
திர்சா

கேம்பிரிட்ஜ்
26 செப்டம்பர் 1961

என் திர்சாவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை, ஜலதோஷம் மட்டும்தான். இந்த ஊரில் அதை நோயாகக் கணக்கெடுப்பதில்லை. ஹெம்தாவின் பல்லுக்கு என் முத்தம்.

கதவைச் சாத்தித் திரையையும் இழுத்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். இன்று கூடாரப் பண்டிகையின் இரண்டாம் நாள். நம் ஊரில் வேலை செய்யக்கூடாத நாள் நேற்றோடு முடிந்தது. இவர்களுக்கு ஒவ்வொரு பண்டிகையும் இரண்டிரண்டு நாள். வீட்டுக்காரி பெர்ல்மட்டர் அம்மாள் பண்டிகை நாளில் பேனாவைத் தொடமாட்டார், விளக்கைப் போடமாட்டார். எனக்கோ இன்று எழுதலாம், ஆனால் எழுதுவதை அவர் பார்த்துவிடக்கூடாது, பார்த்தால் மனம் புண்படும். காலையில் சாப்பிடும்போது என் விரலில் மை இருந்ததைக் கண்டுபிடித்துவிட்டார். "உங்களுக்கு மட்டும் ஆண்டவர் ஒரு நாள் தள்ளுபடி குடுத்திருக்காரோ?" என்றார். நான் திரும்பிப் போகிறவன், அதனால் எனக்கு ஒரே நாள்தான் என்றேன். "அது சரி. போறவனுக்கு ஒண்ணு, இருக்கிறவனுக்கு ரெண்டு. எப்பவும் இருக்கிறவன் தலையிலதான் விடியுது," என்றார். குளியலறையில் விரலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன்.

ஒரு செய்தி. நான்கு தாள்கள் கிடைத்திருக்கின்றன. மழைக்கான பாட்டு, மாதத்துக்கு ஒரு கண்ணி. கட்டியவன் பெயர் இல்லை, யாரும் அச்சிட்டதில்லை. மழையை ஊரைவிட்டுப் போனவனாக நினைத்துப் பேசுகிறான்:

போனவனே, உன் காலடி ஓசைக்காக
எங்கள் கூரைகள் காதைத் திறந்து வைத்திருக்கின்றன.

படித்ததும் உன்னிடம் ஓடிவந்து காட்டவேண்டும் போலிருந்தது. எதிர் மேசையில் ஒரு பாதிரியார் தூங்கிக்கொண்டிருந்தார். அவரிடமா காட்டுவது? முழுவதையும் பெயர்த்தெழுதி இதோடு வைத்திருக்கிறேன், தாள்களின் படமும் பின்னால் வரும்.

பதினாறாம் தேதி மறக்குமா?

எல்கனான்

எருசலேம்
18 அக்டோபர் 1961

அன்பு எல்கனானுக்கு,

இருவரும் சுகம். ஜலதோஷம் விட்டதா? விடவில்லை என்றால் தேன் வாங்கி வெந்நீரில் குடி, வீட்டுக்காரியிடம் கேட்கக் கூச்சப்படாதே.

முந்தாநாள் மாலை ஹெம்தாவை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜன்னலருகே நின்றேன். நம் கட்டமோன் பேட்டை முழுக்க ஒரே தூசி, வானத்தில் ஒரு துணுக்கு மேகமில்லை. 'பனியும் மழையும் தா' என்ற இடம் வந்தபோது, இந்நேரம் நீயும் அங்கே யாருக்கும் கேட்காமல் இதைச் சொல்லிக்கொண்டிருப்பாய் என்று நினைத்தேன். ஹெம்தா என் வாயைப் பிடித்து இழுத்தாள். அதற்குப் பிறகு சொன்னதில் பாதி தப்பாகச் சொல்லியிருப்பேன்.

உன் பாட்டை மூன்று மத்தியானமாகப் படித்தேன். இவன் நம் ஊர்க்காரன், கலிலேயாக்காரன். எப்படித் தெரியும் என்கிறாயா? முதல் கண்ணி ஹெஷ்வானுக்கு முந்தின மாதம், அதில் மழையைப் பற்றிப் பேசுகிறான், கேட்கவில்லை. ஹெஷ்வான் வந்ததும் குரல் மாறிக் கேட்கத் தொடங்கிவிடுகிறான். 'ஒரு நாள் பிந்தினால் விதை மன்னிக்கும், ஒரு மாதம் பிந்தினால் மன்னிக்காது' என்கிறான். ஹெஷ்வானில் விதை என்னாகுமோ என்று பயப்படுகிறவன் இந்த மண்ணில் விதைத்தவன்தான். மனிதன் எந்த மாதம் மழை கேட்கிறான் என்று பார்த்தால் அவன் மனம் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

நீ எழுத்தைப் பார்த்துப் படிப்பவன், நான் மாதத்தைப் பார்த்துப் படிப்பவள் என்று படிக்கிற காலத்தில் கேலி செய்வாயே. செய்துகொள்.

அன்று மாலை நீ எங்கே நின்று சொன்னாய்? அதைச் சொல், கற்பனை செய்துகொள்கிறேன்.

திர்சா

கேம்பிரிட்ஜ்
14 நவம்பர் 1961

என் திர்சாவுக்கு,

பதில் தாமதம், கோபிக்காதே. உடம்பு நன்றாக இருக்கிறது, தேனும் வாங்கினேன். ஹெம்தா தவழ்கிறாளா?

உன் வாதம் அழகாக இருக்கிறது, ஆனால் நான் ஒப்பமாட்டேன். மூன்றாம் கண்ணியைப் பார். நாணல் படகுகள் வருகின்றன, கரையை விட்டு வடியும் வெள்ளம் வருகிறது, வண்டலில் பதிந்த கால்தடம் வருகிறது. கலிலேயாக்காரனுக்கு வண்டலைப் பற்றி என்ன தெரியும்? இவன் நைல் கரையில் குடியிருந்தவன். தாளும் எகிப்திலிருந்து வந்ததுதான். நீ ஒரு மாதத்தை வைத்து ஊரைச் சொல்கிறாய். நான் ஆற்றை வைத்துச் சொல்கிறேன்.

இங்கே நாள்கள் அமைதியாகப் போகின்றன. காலையில் நூலகம், மத்தியானம் ரொட்டியும் முட்டையும், மறுபடி நூலகம். என் துறைப் பேராசிரியர் இரண்டு முறை வீட்டுக்குக் கூப்பிட்டார். அதெல்லாம் சாவகாசமாகச் சொல்கிறேன்.

குழந்தைக்குக் காலுறை அனுப்பியிருக்கிறேன். பெர்ல்மட்டர் அம்மாள் பின்னியது.

எல்கனான்

எருசலேம்
27 நவம்பர் 1961

அன்பு எல்கனானுக்கு,

காலுறை வந்தது, இரண்டு வருஷம் கழித்துச் சரியாக இருக்கும். பெர்ல்மட்டர் அம்மாளுக்கு என் நன்றியைச் சொல்.

ஹெம்தாவுக்குப் போன வாரம் மூச்சுக்குழாயில் சளி கட்டிக்கொண்டது. நாய் குரைப்பது போல இருமினாள். டாக்டர் வந்து ஆவி பிடிக்கச் சொன்னார். மஸூதாதான் மண்ணெண்ணெய் அடுப்பைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தாள். இப்போது சரியாகிவிட்டது, அதனால்தான் எழுதுகிறேன், அப்போது எழுத மனம் வரவில்லை. நீ பயப்படுவாய். பயந்து என்ன செய்வாய் அங்கிருந்து?

மழை வந்துவிட்டது. ஓடை மாதிரி படியில் இறங்கியது. ஹெம்தாவை வாசலுக்குத் தூக்கிப்போனேன். கையை நீட்டினாள், துளி விழுந்ததும் சடக்கென்று இழுத்துக்கொண்டாள், மறுபடி நீட்டினாள். "கேட்டுக் கேட்டு வாங்கினது, நல்லாப் பிடிச்சுக்கோ," என்று மஸூதா அவளிடம் சொன்னாள்.

நாணல் படகுக்குப் பதில் வைத்திருக்கிறேன், பிறகு எழுதுகிறேன். போன கடிதத்தில் நான் கேட்டதற்கு நீ பதில் சொல்லவில்லை. ஏழாம் நாள் மாலை எங்கே நின்றாய்? பெரிய விஷயமில்லை, தெரிந்துகொள்ளத்தான்.

மேல்கோட்டில் பொத்தான் விழுந்திருந்தால் தைத்துக்கொள்.

திர்சா

கேம்பிரிட்ஜ்
6 டிசம்பர் 1961

என் திர்சாவுக்கு,

குழந்தையின் இருமல் பற்றிப் படித்ததும் உட்கார்ந்துவிட்டேன். சரியாகிவிட்டது என்று எழுதியிருக்கிறாய், இருந்தாலும் திரும்பத் திரும்பப் படித்தேன். மஸூதாவுக்கு என்ன வாங்கி அனுப்பலாம், சொல்.

எனக்குச் சுகக்குறைவு ஒன்றுமில்லை. ஐந்தாம் கண்ணியில் அடிப்பக்கம் உதிர்ந்திருக்கிறது. கண்ணாடிக்கு அடியில் வைத்துப் பார்க்க அனுமதி கேட்டிருக்கிறேன்.

இங்கே சின்ன ஜெப ஆலயம், ஜெபத்துக்கு வேண்டிய பத்துப் பேர் சேருவதே பாடு. திங்கள் மாலை மழை கேட்க ஆரம்பித்தோம். வெளியே கொட்டிக்கொண்டிருந்தது. கூரை ஒழுகி ஒரு வாளியில் சொட்டியது. பக்கத்தில் நின்ற கிழவர், "இப்பக் கேட்டு வைங்க, நிறுத்தச் சொல்றதுக்கு ஜெபம் இல்லையே," என்றார். சிரிப்பை அடக்க முடியவில்லை. எல்லோரோடும் சேர்ந்து ஒரே குரலாகச் சொல்வதில் ஒரு சுகம் இருக்கிறது.

இருட்டு சீக்கிரம் வருகிறது. மூன்றரை மணிக்கே விளக்கு.

எல்கனான்

எருசலேம்
11 ஜனவரி 1962

மதிப்புக்குரிய எல்கனானுக்கு,

இங்கே எல்லோரும் நலம். குழந்தைக்கு ஒரு வயது ஆயிற்று.

ஐந்தாம் கண்ணியில் நான்காம் அடியின் முதல் சொல்லைச் சரிபார்க்கவும். படத்தில் தெளிவாக இல்லை.

கழகத்துக்கு நீ தரவேண்டிய அறிக்கையை விசாரித்தார்கள். அனுப்பிவிடுவார் என்று சொன்னேன்.

திர்சா

கேம்பிரிட்ஜ்
24 ஜனவரி 1962

என் திர்சாவுக்கு,

ஆறு வாரம் காத்திருந்து வாங்கிய கடிதம், நூலகத்தில் தரும் ரசீது மாதிரி இருக்கிறது. உனக்கு உடம்பு சரியில்லையா? மறுபடி ஹெம்தாவுக்கு ஏதாவதா? பிறந்தநாளுக்கு நான் எழுதிய வாழ்த்து வரவில்லையா?

எதுவானாலும் எழுது. திட்டுவதானாலும் திட்டி எழுது.

எல்கனான்

எருசலேம்
8 பிப்ரவரி 1962

எல்கனான்,

உடம்புக்கு ஒன்றுமில்லை. குழந்தைக்கும் ஒன்றுமில்லை. வாழ்த்து வந்தது.

உன் டிசம்பர்க் கடிதத்தை அடுப்பங்கரையில் நின்றபடி படித்தேன். வாளிக்கும் கிழவருக்கும் சிரித்தேன். பால் பொங்கியது, இறக்கி வைத்தேன். அப்புறம்தான் புரிந்தது. திங்கள் மாலை மழை கேட்க 'ஆரம்பித்தோம்' என்று எழுதியிருக்கிறாய். அப்படியென்றால் அதற்கு முன்னால் நீ கேட்கவில்லை. நான் ஜன்னலருகில் நின்ற அன்று நீ கேட்கவில்லை. ஊரில் தங்கப்போகிறவர்களோடு சேர்ந்து, அவர்கள் கணக்குப்படி, அவர்கள் மாதத்தில் கேட்டிருக்கிறாய்.

இருக்கும் ஊர்க் கணக்கையே பார்த்தால் போதும் என்கிறவர்களும் உண்டு, தெரியும். நீ ஒருநாளும் அவர்கள் கட்சி இல்லை. மாணவனாக இருந்தபோது இதற்காக ஒரு மாலை முழுக்கச் சண்டை போட்டவன் நீ. ஆகவே மறதி என்று சொல்லாதே. பெர்ல்மட்டர் அம்மாளிடம் திரும்பிப் போகிறவனுக்கு ஒன்று என்று சட்டம் பேசியவன், மூன்று வாரத்தில் மறந்துபோனாயா?

நான் பேதையாக நினைக்கிறேனோ என்று ஒரு மாதம் என்னையே திட்டிக்கொண்டேன். பிள்ளையை வைத்துக்கொண்டு தனியாக இருப்பவள் எதையாவது கற்பனை செய்வாள் என்று. மஸூதாவிடம் சொன்னேன். அவளுக்குச் சட்டமெல்லாம் தெரியாது. "மழையை விடு. வர்றேன்னு எப்ப கடைசியா எழுதினான்? அதைப் பாரு," என்றாள். கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். எதிலும் ஜூன் என்ற சொல்லே இல்லை.

உன் பாட்டுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். நாணல் படகைப் பற்றி நீ சொன்னதுதான் சரி, ஒப்புக்கொள்கிறேன். அவன் நைல் கரையில்தான் வாழ்ந்தான். வெள்ளம் வடிந்து, வண்டல் நிறைந்து, பக்கத்து வீட்டுக்காரர்கள் யாருக்கும் மழையே தேவைப்படாத ஊரில் உட்கார்ந்துகொண்டு, ஹெஷ்வான் பிறந்ததும் தன் மண்ணுக்காகக் கேட்டான். இருந்த இடம் அது, கேட்ட இடம் இது. ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முன்னால் ஒருவனால் அது முடிந்திருக்கிறது.

உண்மையைச் சொல். அதுமட்டும் போதும்.

திர்சா

கேம்பிரிட்ஜ்
25 பிப்ரவரி 1962

என் திர்சா,

நீ சரியாகத்தான் படித்திருக்கிறாய்.

அக்டோபர் பதினாறு மத்தியானம் பேராசிரியர் என்னைக் கூப்பிட்டு, இந்தத் தாள்களுக்கெல்லாம் ஒரு பட்டியல் செய்ய ஆள் வேண்டும், இங்கேயே இருந்துவிடுகிறாயா என்று கேட்டார். முதலில் மூன்று வருஷம், பிறகு நிரந்தரம். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். ஏப்ரல் முடிவுக்குள் சொல் என்றார்.

அன்று மாலைதான் ஏழாம் நாள். என் அறையில் ஜன்னலைப் பார்த்து நின்றேன். நீ எத்தனை முறை கேட்டாய், இதோ சொல்லிவிட்டேன், ஜன்னலைப் பார்த்துத்தான். மழை கேட்கும் இடம் வந்தது. அந்தச் சொல்லைச் சொன்னால், நான் திரும்பிப் போகிறவன் என்று ஆண்டவர் முன்னால் சொன்னதாகும். மத்தியானம்தான் ஒருவரிடம் யோசிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். வாய் வரவில்லை. அதைத் தாண்டி அடுத்ததைச் சொல்லி முடித்தேன். டிசம்பரில் எல்லோரும் கேட்டபோது, எதையும் கேட்காமல் நிற்பது அதைவிடக் கேவலமாக இருந்தது, அவர்களோடு சேர்ந்துகொண்டேன்.

இன்னொன்றும் எழுதவேண்டும், வெட்கமாக இருக்கிறது. இங்கே எனக்கு இரவெல்லாம் தூக்கம் வருகிறது. யாரும் அழுவதில்லை. மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நிற்கவேண்டியதில்லை. காலையில் ஒரு தாளை எடுத்தால் மாலையிலும் அதே தாளிலேயே இருக்கலாம். இந்த வாழ்க்கை எனக்குப் பிடித்திருக்கிறது. பிடித்திருக்கிறதே என்பதைத்தான் என்னால் உனக்கு எழுதமுடியாமல் போனது.

உங்கள் இருவரையும் இங்கே கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் நீ வந்துவிடுவாய். நீயும் வந்துவிட்டால் அப்புறம் நான் மழை கேட்க ஊர் ஏது?

என்ன செய்யட்டும், சொல். நீ வா என்று எழுதினால் வந்துவிடுகிறேன்.

எல்கனான்

எருசலேம்
1 ஏப்ரல் 1962

அன்பு எல்கனானுக்கு,

நாங்கள் நலம். நீயும் நன்றாகத் தூங்குவதில் எனக்குச் சந்தோஷம்தான். இதைக் குத்தலாகத்தான் எழுதினேன், எழுதி முடித்ததும் பார்த்தால் உண்மையாகவும் இருக்கிறது. நீ இங்கே இருந்தபோது கண்ணுக்குக் கீழே கறுத்துப்போய் இருந்தாய்.

ஆண்டவரிடம் பொய் சொல்ல உன் வாய் கூசியது. என்னிடம் நான்கு மாதம் சொல்லாமல் இருக்கக் கூசவில்லை. இது எனக்கு ஆறவில்லை, ஆறும்போது சொல்கிறேன்.

வா என்று எழுதச் சொல்கிறாய். நான் எழுதமாட்டேன். மழைக்குக் கேட்பதற்கு ஒரு மாதம் உண்டு, ஒரு வரி உண்டு, ஊரே சேர்ந்து நின்று கேட்கலாம். கணவனைக் கேட்பதற்கு அப்படி ஒரு வரியை எந்தக் கவிஞனும் கட்டி வைக்கவில்லை. நான் கேட்டு நீ வந்தால், ஒவ்வொரு முறை குழந்தை அழும்போதும் நீ அந்த மேசையை நினைப்பாய், நீ நினைக்கிறாயே என்று நான் நினைப்பேன். அங்கேயே இருக்கிறேன் என்று முடிவு செய்தால் அதை நேராக எழுது. அப்போது நாங்கள் வருவதா வேண்டாமா என்பதை நான் முடிவு செய்வேன். அது உன் கையில் இல்லை.

எனக்கும் ஆசை இல்லை என்று நினைத்துவிடாதே. அந்த ஐந்தாம் கண்ணியைப் படத்தில் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துவிட்டது. தாளையே கையில் வைத்து ஒரு காலைப்பொழுது, யாரும் என் பாவாடையைப் பிடித்து இழுக்காமல், எனக்கும் வேண்டும்.

ஹெம்தா நடக்கிறாள். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு நடக்கிறாள். நாற்காலி சுவரில் முட்டினால் சுவரைத் திட்டுகிறாள், என்ன பாஷை என்றுதான் தெரியவில்லை. "அப்பன் படிக்கிற பாஷையா இருக்கும்," என்கிறாள் மஸூதா.

பஸ்காவுக்கு மஸூதா வீட்டில் சாப்பாடு. முதல் நாளோடு மழை கேட்பதை நிறுத்திப் பனிக்கு மாறிவிடுவோம். உனக்குத் தெரியாததா, பனியை வேண்ட மறந்துவிட்டாலும் ஜெபத்தைத் திருப்பிச் சொல்லவேண்டியதில்லை. பனி ஒருநாளும் நிற்பதில்லையாம், கேட்டாலும் கேட்காவிட்டாலும் இறங்குமாம். படிக்கிற காலத்தில் இதைச் சாதாரணமாகப் படித்துவிட்டுப் போய்விட்டோம்.

நல்ல பஸ்கா உனக்கு.

திர்சா

கேம்பிரிட்ஜ்
20 ஏப்ரல் 1962, பஸ்காவின் இரண்டாம் நாள்

என் திர்சாவுக்கு, நாற்காலி தள்ளும் ஹெம்தாவுக்கும்,

சுகம். கதவைச் சாத்தித் திரையை இழுத்துவிட்டு எழுதுகிறேன்.

முந்தாநாள் இரவு முதல் விருந்து, முறைப்படி எல்லாம் சொல்லிச் சாப்பிட்டேன். நேற்று இரவு இவர்களுக்கு மறுபடி அதே விருந்து. பெர்ல்மட்டர் அம்மாள் எனக்கும் கோப்பையும் புத்தகமும் எடுத்து வைத்து, கோப்பையை ஆசீர்வதிக்க என்னைத்தான் கூப்பிட்டார். குளிர்காலம் முழுக்க ஜெப ஆலயத்தில் அவர்களில் ஒருவனாக நின்றிருக்கிறேனே, கூப்பிடாமல் என்ன செய்வார்? கோப்பையை அவர் தம்பி பக்கம் நகர்த்தினேன். போகிறவனுக்கு ஒன்றுதானே. விருந்தாளியாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். நன்றாகப் பாடினார்கள். அந்த வீட்டில் எனக்கு இடம் உண்டு என்பதும், அது என் இடம் இல்லை என்பதும் ஒரே பாட்டில் தெரிந்தது.

பேராசிரியரிடம் செவ்வாய்க்கிழமையே சொல்லிவிட்டேன். அவருக்கு வருத்தம். எனக்கும் வருத்தம்தான், உன்னிடம் மறைக்கப்போவதில்லை. எனக்கு அந்த மேசை ரொம்ப நாள் நினைவில் இருக்கும். குழந்தை அழும்போது நினைத்தாலும் நினைப்பேன். நினைத்தால் வாய்விட்டுச் சொல்கிறேன், நீயும் திட்டு. ஐந்தாம் கண்ணியின் தாளைப் பார்க்க ஒருநாள் நீ வரவேண்டும் என்றும் அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். என்னைவிட நன்றாகப் படிப்பவள் என்றேன். அந்த நான்காம் அடியின் முதல் சொல்லைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தும் என்னால் படிக்க முடியவில்லை, அது உனக்காகக் கிடக்கட்டும்.

இந்த இடத்தில் நிறுத்திவிட்டுத் தேநீருக்காகக் கீழே போனேன். விரலைக் கழுவவில்லை. வேண்டுமென்று இல்லை, தோன்றவில்லை. பெர்ல்மட்டர் அம்மாள் கோப்பையை நீட்டும்போது மையைப் பார்த்துவிட்டார்.

"அப்ப, ஊருக்குப் போறீங்க."

"ஆமாம்மா. ஜூன்ல."

"குழந்தைக்குக் காலுறை பெருசா இருக்கும்னு அப்பவே நெனச்சேன். அளவு எழுதி வாங்குங்க," என்றார்.

ஆகவே அளவை எழுது. இன்று கிறிஸ்தவர்களுக்குப் பெரிய வெள்ளி, தபால் நிலையம் பூட்டியிருக்கிறது. நாளை ஓய்வுநாள், அதற்கப்புறம் அவர்கள் பண்டிகை. செவ்வாய்க்கிழமைக்கு முன் இந்தக் கடிதம் கிளம்பாது, உன் கைக்கு வர மே பிறந்துவிடும். அதுவரை உனக்கு எதுவும் தெரியாதே என்றுதான் தவிப்பாக இருக்கிறது. ஆனால் உறையைப் பிரித்ததும் நீ முதலில் தேதியைத்தான் பார்த்திருப்பாய், இரண்டாம் நாளில் பேனாவைத் தொட்டவன் எந்த ஊர்க் கணக்கில் இருக்கிறான் என்று தெரிந்திருக்கும். அதற்குக் கீழே எழுதியதெல்லாம் எனக்காக எழுதிக்கொண்டது.

உன்
எல்கனான்